சமவெளி

மெதுவாகப் போவது ஒரு நற்குணம் என்று நான் வெகுகாலம் நம்பிவந்திருக்கிறேன். பஸ்ஸில் போகிறவன் ஊர்களைத் தாண்டிப் போகிறான், சைக்கிளில் போகிறவன் ஊர்களின் வழியாகப் போகிறான் என்று நண்பர்களிடம் சற்றுக் கர்வத்தோடு சொல்லியுமிருக்கிறேன். இந்த நம்பிக்கையைப் பரிசீலிக்க வேண்டிய அவசியம் சென்ற கார்த்திகையில் ஏற்பட்டது. கல்லணையில் புறப்பட்டு, வெண்ணாற்றங்கரையை ஒட்டித் தஞ்சாவூர், நீடாமங்கலம், பிறகு திருவாரூர், கீழ்வேளூர் என்று கிழக்கு நோக்கி மூன்று நாள் மிதித்தேன். காரியம் ஒன்றும் இல்லை. காரியம் இல்லாமல் போவதுதான் காரியம்.

கியர் இல்லாத பழைய சைக்கிளுக்கும் ஐம்பதைத் தாண்டிய முழங்காலுக்கும் தோதான பூமி அது. கல்லணையிலிருந்து கடல் வரை நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. ஏற்றம் என்று வருவதெல்லாம் ஆற்றுப் பாலங்கள்தாம். மலை செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. கார்த்திகையில் அது வடகிழக்கிலிருந்து, ஈரத்தோடு, நேரே நெஞ்சில் வந்து மோதுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாதம் தானாகச் சுற்றுகிறது. மனசு அதன்பாட்டுக்கு விட்டுப்போகிறது. நடக்கிறவனுக்கு ஒரு வயல் முடிவதற்குள் அலுத்துவிடுகிறது. பஸ்ஸில் இருப்பவனுக்கு வயல் என்று ஒன்று இல்லை, பச்சை என்று ஒன்றுதான் உண்டு. சைக்கிள்காரனுக்கு வயலும் கிடைக்கிறது, அடுத்த வயலும் கிடைக்கிறது. சம்பாப் பயிரின் வாசனை, மதகில் நீர் திரும்பும் சத்தம், கரையில் ஈரத் துணி அடிக்கும் சத்தம் எல்லாம் சரியான இடைவெளியில் வந்து சேர்கின்றன. அந்த மூன்று நாளில் முதல் ஒன்றரை நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைப் பின்னால் வரப்போகிற யோசனைகளுக்காகக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

மற்ற இடங்களில் ஆறுகள் சேர்ந்து சேர்ந்து பெரிதாகின்றன. இங்கே பிரிந்து பிரிந்து சிறிதாகின்றன. கல்லணையில் காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிகிறது. 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயும் அங்கேதான் பிரிகிறது. நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடி மூன்றாகிறது. பிறகு வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை. பங்கீட்டுக்கு இதைவிடத் தெளிவான உருவம் இருக்க முடியாது என்று தலைப்பில் நின்று நினைத்துக்கொண்டேன். சமவெளி என்ற சொல்லும் உடனே நினைவுக்கு வந்தது. நம் மொழியில் மட்டமாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒரே 'சமம்' தான். கண்ணுக்கெட்டியவரை ஒரே உயரத்தில் கிடக்கும் பூமியைப் பார்க்கிறவனுக்கு, அங்கே வாழ்கிறவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்ற ஒரு மயக்கம், சொல் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறது.

இரண்டாம் நாள் பிற்பகல், நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் மதகின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தேன். செயின் கழன்றுபோயிருந்தது. எழுபத்தைந்து வயதிருக்கும் ஒருவர், கேரியரில் புல்கட்டோடு வந்தவர், இறங்கி, நான் கேட்காமலேயே செயினை மாட்டிக்கொடுத்தார்.

"என்ன வேலயா வந்தீங்க?"

"சும்மாதான் பெரியவரே. ஊரெல்லாம் பார்க்கலாம்னு."

"சும்மாவா?" என்று என் சைக்கிளையும் என்னையும் ஒருமுறை பார்த்தார். கேலி இல்லை. "சும்மாவா இந்தக் காத்துல மிதிக்கிறீங்க?"

பிறகு அவராகவே சொன்னார். அவர் சைக்கிள் வாங்கியபோது அவர்கள் தெருவில் அதுதான் முதல் சைக்கிள். "வாங்கி என்னாங்க பண்றது. அந்தத் தெரு முனை வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவணும். அந்தப் பக்கம் போயி ஏறிக்கலாம்." வாய்க்காலுக்கு அப்பால் ஓட்டு வீடுகளும் மாடிகளும் தெரிந்த ஒரு தெருவைக் கை காட்டினார். "இப்ப அதெல்லாம் இல்ல. பேரப்பசங்க மோட்டார் சைக்கிள்ல போறானுவ. மழ பேஞ்சா தண்ணி மட்டும் இன்னும் எங்க தெருவுக்குத்தான் வருது."

அவர் காட்டிய தெருவையும் அவருடைய தெருவையும் மாறிமாறிப் பார்த்தேன். இரண்டுக்கும் உயர வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒரு முழம் இருக்கலாம். கண்ணுக்கு அது சமவெளி. என்னுடைய கால்களுக்கும் அது சமவெளி. தண்ணீருக்கு மட்டும் அது மேடு என்றும் பள்ளம் என்றும் தெரிகிறது. அந்த ஒரு முழத்தில் யார் வீடு கட்ட வேண்டும், யார் கட்டக் கூடாது என்பது யாரோ ஒரு காலத்தில் தண்ணீரைப் போலவே துல்லியமாக அளந்து முடித்த விஷயம். அதற்கு மேல் நான் மூன்று நாள் உருண்டுகொண்டிருந்தேன்.

சைக்கிளிலிருந்து நான் எத்தனையோ முறை இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். நாரை பறப்பதைப் பார்க்க, வெயில் சாய்வதைப் பார்க்க. அப்படி இறங்குவதைத்தான் மெதுவாகப் போவதன் உச்சம் என்று எண்ணியிருந்தேன். அதே செய்கையை இன்னொருவர் தன் வாலிபத்தில் தினம் இரண்டு வேளை செய்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆகவே மெதுவாகப் போவதில் தன்னளவில் ஒரு குணமும் இல்லை என்று தோன்றுகிறது. வேகமாகப் போக வழியுள்ளவன் மெதுவாகப் போகும்போதுதான் அது குணமாகிறது. வழியில்லாதவனுக்கு அது நிலைமை. விதிக்கப்பட்டவனுக்கு அது அவமானம். நாம் நம்முடைய ஓய்வுக்கு ஒழுக்கத்தின் பெயரைச் சூட்டிவிடுகிறோம்.

அப்படியானால் அழகை ரசிப்பதே குற்றமா? இந்தக் கேள்வி எழுந்தவுடன் ஒரு பதிலும் தயாராக வந்து நிற்கிறது: குற்ற உணர்ச்சி. அதை நான் சந்தேகிக்கிறேன். பச்சை வயலைப் பார்த்துப் பூரித்தவன், மறுநாள் அதே வயலைப் பார்த்துக் குறுகிப்போகிறான். இரண்டிலும் வயலைவிட அவனே முக்கியமாக இருக்கிறான். குறுகிப்போவதால் பள்ளத் தெருவில் ஓர் அங்குலத் தண்ணீர் வடியப்போவதில்லை. பூரிப்பாவது வயலுக்கு நன்றி சொல்கிறது. குறுகல் தன்னையே பாராட்டிக்கொள்கிறது. பயிர் அழகாக இருந்தது என்பது உண்மை. அதை நட்டவர்களுக்கும் அது அழகாக இருந்திருக்காது என்று நினைக்க எனக்கு என்ன உரிமை?

மூன்றாம் நாள் கீழ்வேளூரிலிருந்து தேவூர் பக்கமாகத் திரும்பிக் கீழ்வெண்மணிக்குப் போனேன். புறப்படும்போது என் திட்டத்தில் அந்த ஊர் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள் என்பதுதான் அதற்கு முன் நடந்தது. நினைவிடத்தில் பெயர்களைப் படித்தேன். பெயர்களைப் படிக்கச் சைக்கிள் தேவையில்லை, மெதுவும் தேவையில்லை, நின்றால் போதும்.

எனக்கு நினைவு வந்தது 1973இல் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பு. தண்டிக்கப்பட்டிருந்த மிராசுதாரர்கள் விடுவிக்கப்பட்டார்கள். பெரும் நிலமுடையவர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற விதமாக அதில் ஒரு நியாயம் சொல்லப்பட்டிருந்தது. கார் உள்ளவன் நடக்கமாட்டான். ஒருவன் எப்படிப் பயணம் செய்கிறான் என்பதை வைத்து அவனுடைய ஒழுக்கத்தை முடிவு செய்வது சைக்கிள்காரனாகிய என்னுடைய பலவீனம் மட்டும் அல்ல என்று அங்கே நிற்கும்போது புரிந்தது. காரில் போகிறவன் குறைவாகப் பார்க்கிறான், ஆகையால் நான் மேலானவன் என்று நான் சொல்லிவந்தேன். கார் வைத்திருக்கிறான், ஆகையால் அவன் அங்கே நடந்து போயிருக்கமாட்டான் என்று நீதிமன்றம் சொன்னது. விளைவில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆனால் யோசிக்கும் முறை ஒன்றுதான். வாகனத்தைப் பார்த்தோமே தவிர மனிதன் போன இடத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் என் அலமாரியில் காவிரிக் கரையில் பயணம் போன 'நடந்தாய் வாழி காவேரி'யும், வெண்மணியை வைத்து எழுதப்பட்ட 'குருதிப்புனல்' நாவலும் இருக்கின்றன. 1971, 1975. நான்கு வருஷ இடைவெளி, ஒரே தண்ணீர். இவ்வளவு நாளும் ஒன்றைப் பயணம் என்ற தட்டிலும் மற்றதை அரசியல் என்ற தட்டிலும் வைத்திருந்தேன். தவறு புத்தகங்களுடையது அல்ல, தட்டுகள் என்னுடையவை.

இப்போது என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். மெதுவாகப் போவதில் ஏதாவது பெறுமதி இருக்குமானால் அது அமைதி அல்ல. 'நான் கவனிக்கவில்லை' என்று சொல்லும் வசதியை அது பறித்துவிடுகிறது. பஸ்ஸிலோ காரிலோ போனவன் அந்த ஒரு முழத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பலாம். மதகில் உட்கார்ந்து, ஒருவர் மாட்டிக்கொடுத்த செயினோடு போகிறவன் அப்படிச் சொல்ல முடியாது. கேட்டதற்குப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பு என்ன செய்யச் சொல்கிறது என்பது வேறு கேள்வி. ஒரு கட்டுரை எழுதச் சொல்கிறது என்று எண்ணிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அறியாமை இல்லை.

திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. வந்த வழியே வந்து, பெரியவர் கை காட்டிய அந்தத் தெருவுக்குள் நுழைந்தேன். அந்த நேரத்தில் யாரும் இல்லை. ஒரு திண்ணையில் சிறுமி ஒருத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தெரு முனையில் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. இறங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்படி இறங்கினால் அது யாருக்காக என்று தெரியவில்லை. இறங்காமலே போனேன். என்னை இறங்கச் சொல்ல அங்கே ஒருபோதும் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.