கையெழுத்து இல்லாத வேலை

பெரும் பணக்காரர்களின் தனி விமானத்தில் எஸ்பிரஸோ இயந்திரத்தை யார் துடைக்கிறார்கள் என்று பெண்ணியம் ஏன் கவலைப்பட வேண்டும்? நியாயமான கேள்விதான். அந்தக் காபியைக் குடிப்பவர்கள் மேல் எனக்கும் தனிக் கரிசனம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு திருகாணியை மாற்றினால்கூட எழுதி வைக்கும் இடம் விமானம். அப்படிப்பட்ட இடத்திலும் எழுதப்படாமல் போகும் வேலை எது என்று பார்த்தால், மற்ற இடங்களில் நடப்பதும் புரியும்.

முதலில் வேலையைப் பார்ப்போம். வெந்நீரைச் சுமார் 9 பார் அழுத்தத்தில் காபித்தூளின் ஊடே செலுத்தி எடுப்பது எஸ்பிரஸோ. ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் சக்கையைத் தட்டிக் கொட்ட வேண்டும், வெந்நீர் இறங்கும் முகப்பைக் கழுவ வேண்டும். பாலை நுரைக்க வைக்கும் நீராவிக் குழாயை உடனே ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை நீராவியைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஏறிய பால் காய்ந்து ஒட்டிக் கெட்டுப்போகும். உள்ளே படியும் காபி எண்ணெய் சிக்கு நாற்றம் எடுக்கும் முன் அதையும் கழுவியாக வேண்டும். தண்ணீர் கடினமானது என்றால் சுண்ணாம்பு படியும். விமானம் உறைகுளிரில் இரவெல்லாம் நிற்கப்போகிறது என்றால் குழாய்களிலுள்ள நீரை வடித்துவிட வேண்டும், உறையும் நீர் விரிந்து குழாயைப் பிளக்கும் என்பதால்.

இதில் அன்றாடம் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி விமானப் பணிப்பெண்ணின் தலையில்தான் விழுகிறது. பயணிகள் இறங்கிப் போன பிறகு, பார்ப்பதற்கு யாரும் இல்லாத நேரத்தில் அவள் அதைச் செய்கிறாள்.

அதே இயந்திரம் பழுதானால் நடப்பது வேறு. தகுதிபெற்ற தொழில்நுட்பர் வந்து கழற்றுவார். செய்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பட்டறைக்குப் போன இயந்திரம் சான்றிதழோடு திரும்பும். அவர் செய்தது பராமரிப்பு, அவள் செய்தது சுத்தம்.

மின்சாரமும் நீரும் அழுத்தமும் சேர்ந்த கருவியைக் கண்டவர் கழற்றக் கூடாது, கையெழுத்து பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்து இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லாமல் போகிறதா? காபி கசந்தாலும் பால் நாறினாலும் பயணியின் முன் நின்று மன்னிப்புக் கேட்பவள் அவள்தான். குறை வந்தால் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. குறை வராத நூறு நாட்களை யார் கணக்கில் எழுதுவது என்றால் பதில் இல்லை.

அவளே அங்கே கட்டாயம் இல்லை என்பது இன்னொரு சங்கதி. அமெரிக்க விதிகளின்படி 19 பயணிகள் வரை செல்லும் தனி விமானத்தில் பணிப்பெண் இருந்தாக வேண்டிய அவசியம் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவள் ஒரு வசதி. அந்த இயந்திரத்தைப் போலவே.

துடைப்பது திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதில் எதுவும் மிஞ்சுவதில்லை, அதனால்தான் மதிப்பில்லை என்பது பழைய விளக்கம். சிமோன் த பொவார் 1949இல் வெளிவந்த ‘இரண்டாம் பாலினம்’ நூலில் வீட்டுவேலையை, உருண்டு விழும் கல்லை ஓயாமல் மலையேற்றும் சிசிபஸின் தண்டனைக்கு ஒப்பிட்டார். அந்த வேலையின் சலிப்பை அறிந்த யாருக்கும் இந்த ஒப்புமை பொய்யாகத் தோன்றாது. ஆனால் விமான எஞ்சினின் எண்ணெய் அளவையும் திரும்பத் திரும்பத்தான் பார்க்கிறார்கள். அந்த வேலையிலும் விமானம் பழையபடி பறப்பதைத் தவிர எதுவும் மிஞ்சுவதில்லை. அதை யாரும் சிசிபஸின் கல் என்று சொல்வதில்லை. ஆக, திரும்பச் செய்வது மட்டுமே மதிப்பைக் குறைத்துவிடுவதில்லை.

வேறு எது குறைக்கிறது என்பதை அமெரிக்கக் கலைஞர் மியர்லே லாடர்மன் யூகிலிஸ் செய்து காட்டினார். தாயான பிறகு, 1969இல், பராமரிப்பு வேலையே தன் கலை என்று அறிக்கை எழுதியவர் அவர். 1973இல் ஹார்ட்ஃபர்டில் உள்ள வாட்ஸ்வர்த் ஏதீனியம் அருங்காட்சியகத்தில் ஒரு மம்மியை வைத்திருந்த கண்ணாடிப் பேழையை எடுத்துக்கொண்டார். துப்புரவுப் பணியாளர் வழக்கமாகத் துடைக்கும் பேழை அது. அதைத் தானே துடைத்து, இது கலை என்று அறிவித்தார். கலைப்பொருள் ஆகிவிட்டதால் அதன்பின் அதைத் துடைக்கும் உரிமை அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு வல்லுநருக்குப் போனது. துணி அதே துணி, கண்ணாடி அதே கண்ணாடி. கை மாற மாற வேலையின் பெயர் மட்டும் சுத்தம், கலை, பாதுகாப்பு என்று மாறியது.

பெயர் மாறினால் போதுமா? பணிப்பெண்ணைப் ‘பராமரிப்பு நிபுணர்’ என்று அழைத்துவிட்டு அதே கூலியைக் கொடுப்பது நிறுவனங்களுக்குச் செலவில்லாத மரியாதை. எனக்கு வேண்டியது அது அல்ல. துடைக்கும் நேரம் பணிநேரமாக எழுதப்பட வேண்டும், அதற்குக் கூலி வேண்டும், அந்த வேலை முறை வைத்துப் பகிரப்பட வேண்டும்.

நடக்காத காரியம் என்பவர்கள் இன்னும் உயரே பார்க்கலாம். 2015 மே 3 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி, விண்வெளிக்கென்றே செய்த இயந்திரத்தில் எஸ்பிரஸோ போட்டுக் குடித்தார். அந்த நிலையத்தில் சனிக்கிழமை சுத்தம் செய்யும் நாள். கைப்பிடிகளைத் துடைப்பது, வடிகட்டிகளில் தூசியை உறிஞ்சி எடுப்பது எல்லாம் வீரர்களின் வேலை அட்டவணையிலேயே உண்டு. பொறியாளரானாலும் விமானியானாலும் தங்கள் அழுக்கைத் தாங்களே துடைக்கிறார்கள். அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அல்ல, அங்கே துடைத்துப் போட வேறு ஆள் இல்லை என்பதால்.

ஆள் இல்லாத இடத்தில் அது எல்லோருடைய வேலையாகிறது, அட்டவணையிலும் ஏறுகிறது. ஆள் கிடைக்கும் இடத்தில் அதே வேலை ஒருத்தியின் ‘இயல்பு’ ஆகிவிடுகிறது. இயல்புக்கு யாரும் கூலி கேட்பதில்லை, கையெழுத்தும் கேட்பதில்லை. அடுத்த முறை பளபளப்பான ஓர் இயந்திரத்தில் காபி வரும்போது, அது வீட்டு அடுப்படியில் நிற்பதாகவே இருக்கட்டும், நேற்று அதைக் கழுவியது யார், அந்த நேரம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.