ஊருக்குப் புறப்படும் முன்



நம்மவர் ஒருவர் தாயகம் திரும்புகிறார் என்றால் உடனே எழும் பேச்சு பெட்டியைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை பெட்டி, யாருக்குக் கைலி, யாருக்குக் கோடாலித் தைலம், மகளுக்கு எத்தனை பவுன் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறோம். கொண்டு போவதற்குக் கணக்கு உண்டு. விட்டுப் போவதற்குக் கணக்கு உண்டா? பல்லாண்டு காலம் ஓர் ஊரிலே உண்டு உறங்கிய மனிதன், அவ்வூரை விட்டுப் புறப்படும்போது அதற்குச் செலுத்த வேண்டியது ஏதேனும் இருக்கிறதா? இதைச் சற்று ஆற அமரச் சிந்திப்போம்.

கடல் கடந்து வந்தவரைச் 'சபராளி' என்று அழைப்பது நம் மக்களின் வழக்கம். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே நம் பாட்டன்மாரை ஏற்றி இறக்கியது. அதன் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலின் பிரயாணிகள் போக்குவரத்து 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு ஓய்ந்தது. இன்று விமானம் சில மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. வாகனம் மாறியது, சொல் மாறவில்லை. முப்பது ஆண்டுகள் தங்கியவரும் சபராளி, மூன்று மாதத்துக்கு முன் வந்தவரும் சபராளி!

இச்சொல்லுக்குள்ளே ஒரு சாக்கு ஒளிந்திருக்கிறது. "நாம் வழிப்போக்கர்தானே, இவ்வூர் நல்லது கெட்டதில் நமக்கென்ன?" என்று மனம் சொல்லிக் கொள்கிறது. ஆனால் நம் மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது? ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க நிய்யத்து வைத்தவர் முஸாபிர் அல்லர் என்பது ஹனபி மத்ஹபு. வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினாலே முஸாபிர் அல்லர் என்பது ஷாபிஈ மத்ஹபு. தொழுகையைச் சுருக்கும் சலுகை அத்தோடு முடிந்து விடுகிறது. நான்கு நாளில் தொழுகையை முழுமையாக்கிய மனிதன், நாற்பது ஆண்டானாலும் அண்டை அயலாரின் ஹக்கை மட்டும் சுருக்கிக் கொள்ளலாமா? தங்கியவனுக்குத் தங்கியவனின் கடமை உண்டு. அவன் ஊருக்குப் போவது திரும்புதல் மட்டுமல்ல. இங்கிருந்து பார்த்தால் அதுவும் ஒரு புறப்பாடே.

சுங்கை பாக்காப் வட்டாரத்தையே எடுத்துக் கொள்வோம். கரும்பு விளைந்த காலத்திலும், பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்த காலத்திலும், 2014-ல் இரண்டாம் பினாங்குப் பாலம் திறந்து பத்து காவானில் ஆலைகள் பெருகிய பின்னரும், இம்மண் வந்தவருக்கெல்லாம் சோறு போட்டு வருகிறது.

"சும்மாவா போட்டது? உழைத்தோம், கூலி வாங்கினோம், கணக்கு நேராயிற்று" என்று சிலர் கூறுவர். இது நியாயமான கேள்வியே. கூலி, முதலாளிக்கும் நமக்கும் உள்ள கணக்கை நேராக்கும், சந்தேகமில்லை. ஆனால் சம்பளம் வரும் வரை அரிசியும் பருப்பும் பற்று எழுதிக் கொடுத்த சீனத் தவுக்கேயின் கணக்கு? முகத்தை நம்பிக் கைமாற்று கொடுத்த தோழனின் கணக்கு? சீட்டை முதலில் எடுத்துக் கொண்டு மீதித் தவணைகளைக் கட்டாமல் விமானம் ஏறினால், அந்தப் பளு ஜாமீன் நின்றவர் தலையில் அல்லவா விழுகிறது! கூலி கைக்கு வரும் முன்பே நம்மைத் தாங்கியது பிறர் நம் மீது வைத்த நம்பிக்கை. அது சம்பளக் கணக்கில் அடங்காது.

ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். தம்மை வருத்திய மக்காவை விட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 622-ல் புறப்பட்டபோது, அவ்வூரார் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்க ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களை அங்கே நிறுத்திச் சென்றார்கள். பகைத்த ஊருக்கே அந்த மரியாதை என்றால், சோறு போட்ட ஊருக்கு எவ்வளவு வேண்டும்!

சில வேளைகளில் மனிதன் தன் விருப்பப்படி புறப்படுவதில்லை. 1969-ல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, நெடுங்காலம் இங்கே வாழ்ந்த அநேகர் மூட்டை கட்ட நேர்ந்தது. கையில் காசின்றிக் கிளம்பியவர் மீது யார் குற்றம் சொல்வது? நெருக்கடி தவணை தரும். ஆனால் கடனை அழிக்காது. இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதி வைக்கக் காசு தேவையில்லை. திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் மறக்கலாகாது.

பணத்தால் தீராத கடனும் உண்டு. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டு வந்த அண்டை வீட்டு மலாய் அம்மையாருக்கு என்ன விலை கொடுப்பது? மலாய்ச் சகோதரர்களே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். பிரியும் வேளையில் 'ஹலால்கான் மாக்கான் மீனும்' என்பார்கள். உங்களிடம் நான் உண்டதையும் குடித்ததையும் எனக்கு ஹலாலாக்கி விடுங்கள் என்பது அதன் கருத்து. ஹஜ்ஜுக்குப் போகுமுன் நம் பெரியவர்கள் வீடு வீடாகச் சென்று பொருத்தம் தேடுகிறார்களே, அதையே ஊருக்குப் போகுமுன்னும் செய்தால் என்ன?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். இங்கே கடன் வாங்கிப் பெட்டியை நிரப்பிக் கொண்டு போய் அங்கே செல்வந்தராகக் காட்சி தருவோர் உண்டு. "தாயின் மகிழ்ச்சிக்காகத்தானே!" என்பார்கள். பட்ட துயரத்தைத் தாயிடம் மறைப்பது அன்பு. அதைக் குறை கூற மாட்டோம். ஆனால் தெருவிலே பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். திரும்பி வந்தவனின் தோற்றமே அவனுக்குச் சாட்சி. நிலத்தை அடகு வைத்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, படிப்பை விட்டுக் கிளம்புகிறான். அவன் வந்து கேட்கும்போதாவது சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, நின்று வேலை செய்த நேரம் எவ்வளவு என்று உள்ளதைச் சொல்ல வேண்டாமா? சொல்லாவிட்டால், கடன் பட்டு வாங்கிய பெட்டி பொய்ச் சாட்சியாகி விடும்.

கடைசியாக, வீட்டில் காத்திருந்தவள். கணவன் வரவை எண்ணிக் கழிந்த அவள் வயதை எத்தனை பவுன் ஈடு செய்யும்? அதற்கு விலை இல்லை என்று ஒப்புக் கொள்வதே முதல் மரியாதை. உத்தரவு போடும் தலைவனாக வாசலில் நுழையாமல், தானின்றி நடந்த வீட்டின் நடைமுறையைக் கற்றுக் கொள்ளும் விருந்தாளியாக நுழைவது அடுத்த மரியாதை.

ஆகவே, பிரயாணம் வைத்திருக்கும் சகோதரர்களே! பெட்டியைக் கட்டுமுன் பற்று ஏட்டைப் பாருங்கள். தீர்க்க முடிந்ததைத் தீருங்கள். முடியாததை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். அமானிதத்தை ஒப்படையுங்கள். கதவைத் தட்டிப் பொருத்தம் கேளுங்கள். அதன் பிறகு பெட்டியில் இடம் மீந்து கிடந்தாலும் பாதகமில்லை. மனத்தின் பளு குறைந்திருக்கும்.