முத்தும் முத்துக்குளித்தவனும்

உப்பூரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால், தேவிபட்டினத்துக்கு அப்பால், வைகையின் முகத்துவாரத்தருகே அழகன்குளம் இருக்கிறது. இன்று வைகை நீர் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. ஆறு கடலைத் தேடிச் சென்ற நாள்களில் அங்கே பாண்டியரின் வணிகத்துறை ஒன்று செழித்திருந்தது. 1986-87 முதல் பல பருவங்களாகத் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், கப்பலின் உருவம் கீறப்பட்ட ஓடொன்றும் வெளிப்பட்டன.

இத்தகைய நகரை நிறுவுபவர் யார்? ஆறு வண்டலைச் சேர்ப்பதுபோல், படகோட்டியும் குயவனும் உப்பு விற்கும் உமணனும் சிறுகச் சிறுகச் சேர்ந்தே துறைநகரை ஆக்குகிறார்கள். மன்னன் பின்னர் சுங்கம் வாங்க வருகிறான்!

ஆனால் அச்செல்வம் மாசற்றதா? முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், பாண்டியரின் கொற்கைப் பகுதியில் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. முத்து ரோமுக்குச் சென்றது. மூச்சடக்கி மூழ்கியவனின் பெயர் எந்த ஓட்டிலும் ஏறவில்லை.

இதைப் பிற சமயத்தாரின் குற்றமென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. அழகன்குளத்தில் கிடைத்த காசுகளுள் இரண்டாம் வலந்தினியன் காலத்ததும் உண்டு. கி.பி. 380-இல் கிறிஸ்தவத்தைப் பேரரசின் சமயமாக்கிய ஆணை மூன்று பேரரசர்களின் பெயரால் வெளிவந்தது. அவர்களுள் இவரும் ஒருவர். அதன் பின்னும் அப்பேரரசின் சந்தைகளில் அடிமைகள் விற்கப்பட்டே வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்ற நாணயமும் பழைய கணக்கையே எழுதியது போலும்.

திருவெளிப்பாடு 18-ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் வணிகர் புலம்பும்போது ஒரு சரக்குப் பட்டியல் வருகிறது. பொன்னில் தொடங்கி, முத்தைச் சொல்லி, பட்டையும் தந்தத்தையும் கால்நடைகளையும் கடந்து, இறுதியில் மனித உயிர்களில் முடிகிறது. அப்பட்டியலின் வரிசையே அந்நகர்மீது கூறப்படும் குற்றச்சாட்டு. நாம் இன்று வாங்கும் உப்பின் விலையில், பாத்தியில் வெயிலேற்று நின்றவரின் பங்கு எவ்வளவு என்று எண்ணினால், பட்டியல் நம் அடுப்படிவரை நீளக் காணலாம்.

அதற்காக விவிலியம் முத்தை வெறுத்துவிடவில்லை. அதே நூலின் 21-ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேமின் பன்னிரு வாயில்களும் பன்னிரு முத்துகள். அவ்வாயில்கள் ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை; மக்களினங்கள் தங்கள் பெருமையைச் சுமந்துகொண்டு அவற்றின் வழியே உள்ளே வருகிறார்கள்.