நஞ்சும் மந்திரமும்: உரோம வரலாற்றெழுத்தில் பெண்ணின் அதிகாரம்

பெண்கள் ஆட்சிப் பதவி வகிக்கவோ வாக்களிக்கவோ இடமில்லாத பண்டைய உரோமில், அவர்கள் செலுத்திய செல்வாக்கை விளக்க முற்பட்ட வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி நாடிய குற்றச்சாட்டு ‘வெனெஃபீசியம்’ ஆகும். நஞ்சிடுதல், மந்திர மருந்து புகட்டுதல் ஆகிய இரண்டையும் குறித்த இக்குற்றத்தைச் சர்வாதிகாரி சுல்லாவின் கி.மு. 81-ஆம் ஆண்டுச் சட்டம் கொலையோடு சேர்த்து வைத்தது.

கி.மு. 331-இல் உரோமின் தலைமக்கள் பலர் ஒரேவிதமான நோயால் இறந்தபோது, ஓர் அடிமைப்பெண் துப்புக் கொடுக்க, குலமகளிர் சுமார் 20 பேர் மருந்து காய்ச்சியது வெளிப்பட்டது என்றும், அது நலம் தரும் மருந்தே என வாதிட்ட கொர்னேலியாவும் செர்கியாவும் மற்றவர்களுடன் அதையே குடித்து மாண்டனர் என்றும், பின்னர் ஏறத்தாழ 170 பேர் தண்டிக்கப்பட்டனர் என்றும் உரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். எனினும், எல்லா ஆசிரியர்களும் இதைக் கூறவில்லை என்றும், கொள்ளைநோயே காரணமாக இருந்திருக்கலாம் என்றும் அவரே ஐயுறுகிறார். நிகழ்ந்ததைத் தீநிமித்தமாகக் கருதிய உரோமர்கள், ஆணி அறையும் பழஞ்சடங்கை நிறைவேற்றுவதற்கென்றே ஒரு சர்வாதிகாரியை நியமித்தனர்.

கி.பி. 19-இல் அந்தியோக்கியாவில் இறந்த இளவரசர் ஜெர்மானிக்கஸின் இல்லத்தில் மனித உடல் எச்சங்களும், அவர் பெயர் பொறித்த ஈய மந்திரத் தகடுகளும் கிடைத்ததாக, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கூறுகிறார். ஜெர்மானிக்கஸை நஞ்சிட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஆளுநர் பிசோவின் மனைவி பிளான்சினாவுக்கு நெருக்கமானவளும் நஞ்சிடுவதில் பேர்போனவளுமான மார்ட்டினா, விசாரணைக்கு உரோம் செல்லும் வழியில் திடீரென இறந்தாள். அவள் கூந்தல் முடிச்சில் நஞ்சு இருந்ததாம், உடலிலோ அதை உட்கொண்ட அடையாளம் இல்லையாம். இங்கே தடயம் இல்லாமையே சந்தேகத்தை வளர்க்கிறது. விசாரணையில் நஞ்சுக் குற்றச்சாட்டு மட்டும் நிலைக்கவில்லை என்று டாசிட்டஸே ஒப்புக்கொண்ட பின்னும் வாசகர் மனத்திலிருந்து அது அகலுவதில்லை.

இவ்வழக்கில் கி.பி. 20-இல் ஆட்சிமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், ஸ்பெயினில் கிடைத்த வெண்கலப் பட்டயங்களில் எஞ்சியுள்ளது. நஞ்சையோ மந்திரத்தையோ அது பேசவில்லை. பேரரசரின் தாய் லிவியா கேட்டுக்கொண்டதால் பிளான்சினாவுக்கு மன்னிப்பு வழங்கியதையோ அது வெளிப்படையாகவே பதிவுசெய்கிறது. ஒரு பெண்ணின் சொல்லுக்குத் தண்டனையை நிறுத்தும் வலிமை இருந்ததை அரசே பொதுவிடத்தில் பொறித்து வைத்திருக்க, டாசிட்டஸ் அதே பரிந்துரையை வெட்கக்கேடாகவும் மறைவான சூழ்ச்சியின் தொடர்ச்சியாகவும் சித்திரிக்கிறார். ஆகவே, நஞ்சுக் கதைகளைக் குற்றத்தின் சான்றாகக் கொள்வதைவிட, பெண்ணுக்குப் பதவியை மறுத்துவிட்டு அவளது அதிகாரத்தை மறுக்க முடியாமற்போன ஒரு சமூகத்தின் அச்சத்துக்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும்.