அறியாமல் செய்த பிழை

தீங்கு செய்யும் எண்ணம் சிறிதும் இன்றி ஒருவன் செய்த செயல் பிறருக்குத் தீங்காக முடிந்தால், அவன் குற்றவாளியா? பழமையான வினா இது. இதற்கு விடை தேட நாம் வானத்தை நோக்குவோம்.

நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் என்னும் வாயு பரவி நிற்கிறது. அதனை முழுவதும் திரட்டித் தரைமட்டத்திற்குக் கொணர்ந்தால் மூன்று மில்லிமீட்டர் கனமே தேறும். அந்த மெல்லிய போர்வைதான் கதிரவனின் கொடிய புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அது நைந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்கள் நலியும், கடலின் நுண்பாசிகள் வாடும்.

முற்காலத்துக் குளிர்பதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. அத்தகைய வாயுக்கள் கசிந்து மாண்டவர்களும் உண்டு. 1928-இல் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி, அவற்றுக்கு மாற்றாகக் குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயுவைக் கண்டார். 1930-இல் அதனைச் சபை நடுவே மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை; தீயும் பற்றாது. இச்செயலுக்காக அவரை எவ்வாறு குறை கூறுவோம்?

எதனோடும் எளிதில் சேராத அந்த நற்குணமே பின்னர் வினையாயிற்று. கீழே அழியாத வாயு மேலே ஏறிற்று. அங்கே புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து குளோரின் அணுவை உதிர்த்தது. ஓர் அணு, தான் தேயாமலே இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை உடைக்க வல்லது. இதனை 1974-இல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எடுத்துரைத்தனர்.

இங்கேதான் அறத்தின் கணக்கு மாறுகிறது. சில நாடுகள் தெளிப்பான் குப்பிகளில் அவ்வாயுவைத் தடுத்தன. ஆனால் தயாரிப்பாளர் பலர், முழுச் சான்று வரட்டும் என்றனர். 1985-இல் சான்று வந்தது. அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்து அளவீடுகளைக் கொண்டு, தென்துருவ வசந்தத்தில் ஓசோன் பெரிதும் குறைந்து வருவதை ஜோசப் ஃபார்மனும் தோழர் இருவரும் உலகிற்கு அறிவித்தனர். அப்பனிவெளியில் குளிர்பதனப் பெட்டி வைத்து வாழ்ந்த குடிகள் எவர்? வாயுவை வெளியிட்ட இடம் ஒன்று. துளை விழுந்த இடம் வேறொன்று.

உறுதி வருமுன் ஒரு தொழிலை முடக்குவது நியாயமா என்று கேட்கலாம். பலரின் பிழைப்பு அதில் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் தொழிலின் நட்டத்தை ஈடுசெய்யலாம். நூறாண்டு காற்றில் தங்கும் வாயுவைத் திரும்ப அழைக்க எவராலும் இயலாது. மீட்க இயலாத தீங்கின் முன் ஐயம் ஒரு கேடயம் ஆகாது.

உலகம் இதனை உணர்ந்தது. ஐயம் முற்றும் தீருமுன்னரே, 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னர் ஏழை நாடுகளுக்கு நிதியும் தரப்பட்டது. இன்று ஓசோன் மெல்ல மீள்கிறது. ஆயினும் தென்துருவத்தில் அது 1980-ஆம் ஆண்டின் நிலையை அடைய 2066 வாக்கில் ஆகும் என்பது அறிஞர் கணிப்பு. எச்சரிக்கை எழுந்த 1974-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது தொண்ணூற்றிரண்டு வயது!

அறியாமல் செய்த பிழை மன்னிக்கத்தக்கது. ஆனால் அறியாமைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. நம் செயல் ஒவ்வொன்றிலும் அந்த நாள் எது என்று கேட்டுக்கொள்வதே நம் கடமை.