பிறேக்கும் மனச்சாட்சியும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய மோட்டார் கார் வெறும் வாகனமன்று. 1990களில் பெற்றோல் கிட்டாத நாட்களில், மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரை ஆஸ்பத்திரி சேர்த்த ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் இன்னும் சில வளவுகளில் பேணப்படுகின்றன. நன்றி நல்லதே. ஆனால் அதே நன்றி, பழுதைக் காணவிடாது கண்ணை மறைக்கவும் கூடும்.

அண்மையில் அன்பர் ஒருவர் தமது மொறிஸ் மைனரின் பிறேக்கைத் திருத்தினார். வளவுக்குள் இரு தடவை ஓட்டிப் பார்த்தார், கார் நின்றது. "சரி, ஞாயிறு பிள்ளைகளோடு புறப்படலாம்" என்றார். அவர் பொய்யரல்லர், சோதித்துவிட்டதாகவே நம்பினார். நாம் சோதித்துப் பார்ப்பது உண்மையை அறிவதற்காகவா, அல்லது விரும்பிய விடையைப் பெறுவதற்காகவா?

1948இல் அறிமுகமான இந்தக் காரில், ஒரே மாஸ்ரர் சிலிண்டரே நான்கு சில்லுகளின் பிறேக்கையும் இயக்குகிறது. ஓரிடத்து றப்பர் கெட்டு ஒயில் கசிந்தாலும் நான்கு சில்லுகளும் பிடிப்பை இழக்கலாம். அப்போது எஞ்சுவது பின்சில்லுகளைப் பிடிக்கும் கைப்பிறேக் ஒன்றே. ஈரத்தை உறிஞ்சிய பழைய பிறேக் ஒயிலோ, அடிக்கடி மிதித்துச் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். பெடல் வெறுமனே கீழே போய்விடும். அன்றியும், வேகம் இரு மடங்கானால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வளவுக்குள் ஊர்ந்த கார் நின்றது என்பதற்காக, வீதியில் 40 மைல் வேகத்திலும் நிற்கும் என்று கொள்ள என்ன நியாயம்?

எந்தச் சோதனையும் முழு உறுதி தராது என்பர் சிலர். மெய்தான். முடிவில் காரை வீதியில் ஓட்டித்தான் ஆகவேண்டும். ஒருவர் தம் ஆபத்தைத் தாமே ஏற்கலாம். ஆனால் ஒழுங்கை முகப்பில் சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளை எதற்கும் சம்மதிக்கவில்லை. ஆகவே, வீதிக்கு வருமுன் அறியக்கூடியதையெல்லாம் முன்னரே அறிவது கடமை. நிறுத்திய காரில் பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்தல், சில்லுகளின் உட்புறம் கசிவு தேடல், கைப்பிறேக்கை முதலில் சரிபார்த்தல், ஆளற்ற வெளியில் தனியே ஓட்டி வேகத்தைப் படிப்படியாகக் கூட்டல், சூடேறியபின் மீண்டும் மிதித்துப் பார்த்தல் ஆகியன அதற்கான வழிகள்.

ஒழுக்கவியல், நீக்க முடியாத அறியாமையையும் நீக்கக்கூடிய அறியாமையையும் பிரித்துப் பார்க்கிறது. அறிய வழியிருந்தும் அறியாதிருந்தவருக்கு, "எனக்குத் தெரியாது" என்பது முழுச் சாட்டாகாது.

அன்பரிடம் இதைச் சொன்னேன். மனமில்லாமலே காரில் ஏறிப் பெடலை அழுத்திப் பிடித்தார். அது மெல்ல மெல்ல இறங்கியது. அந்த ஞாயிறு குடும்பத்தார் பஸ்ஸில் சென்றனர்.