எதிர்மனுதாரர் யார்?

அவிநாசியப்பர் கோயிலில் ஒரு பழைய நண்பரைப் பார்த்தேன். பனியன் ஆர்டர் எடுத்து, வெளியில் தைக்கக் கொடுத்து வாங்குகிறவர். சந்நிதியில் வெகுநேரம் கண்மூடி நின்றுவிட்டு வந்தார்.

"பெரிய வேண்டுதலோ?" என்றேன்.

"வேண்டுதல் இல்லீங்க, பிராது! சரக்கு வாங்குன பார்ட்டி ஆறு மாசமா பணம் தரலை. இனி சாமி பார்த்துக்கட்டும்."

பிராது! உருது வழியாக வந்த கச்சேரிச் சொல். விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதி, நிஜமாகவே பிராது கட்டுகிறார்கள். காரியம் முடிந்தால் 'ராஜினாமா' செய்து வாபஸ் வாங்க வேண்டும்.

நம் பக்திச் சொற்கள் பலவும் கோர்ட் வாசல் மிதித்தவைதான். முறை என்றால் நீதி. அதைக் கேட்பது முறையீடு. ஊர் கூடி வழக்குத் தீர்த்த இடம் மன்று. அங்கே வாதாடியதுதான் மன்றாட்டு. பதிலுக்கு கோர்ட்டும் கோயிலிடம் கடன் வாங்கியிருக்கிறது. ஆங்கில மனுவில் 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்கும் கடைசிப் பகுதிக்குப் பெயர் 'ப்ரேயர்'. தமிழில் அது பரிகாரம்!

எபிரேய மொழியிலும் இதே கதை. பிரார்த்தனைக்கு அங்கே 'தெஃபில்லா' என்று பெயர். அதே வேரில் பிறந்த 'பெலிலிம்' என்ற சொல்லுக்கு நடுவர்கள் என்று பொருள். இன்றைய இஸ்ரேலில் 'ப்லிலி' என்றால் கிரிமினல் சட்டம் சம்பந்தப்பட்டது. பிரார்த்திப்பதைக் குறிக்கும் 'ஹித்பல்லேல்' என்ற வினைக்கு, 'தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது' என்று யூத குருமார்கள் விளக்கம் சொல்வதுண்டு. 'இன்னொருவருக்காக நடுவரிடம் பரிந்து பேசுவது' என்பார்கள் மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சிலர். பைபிளில் இந்த வினை முதலில் வருவது ஆதியாகமம் 20-ல். அங்கே ஆபிரகாம் பிரார்த்திப்பது தனக்காக அல்ல. தன் மனைவியை அரண்மனைக்கு வரவழைத்துக்கொண்ட அபிமெலேக்குக்காக!

ஆக, ஒன்று நீங்களே கூண்டில் ஏற வேண்டும். அல்லது அடுத்தவருக்கு வக்கீலாக வேண்டும். தனக்காக மட்டும் மனுப்போட அந்தச் சொல்லில் இடம் குறைவு.

இரண்டையும் செய்தவர் ஒருவர் நம்மிடம் இருக்கிறார், சுந்தரர். திருவெண்ணெய்நல்லூர் சபையில், 'இவன் என் அடிமை' என்று ஓலை காட்டி வழக்காடினார் சிவன். எதிராளியாக நின்று தோற்றார் சுந்தரர். அதே சுந்தரர் பிற்பாடு இந்த அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில் அழுகை. அவர்கள் பிள்ளையைச் சில வருஷம் முன்பு குளத்தில் முதலை விழுங்கிவிட்டது. பெரியபுராணத்தில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெற்றோர் சுந்தரரிடம் எதுவுமே கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார்கள், அவ்வளவுதான். வாதாடியவர் அவர். பிள்ளை திரும்பி வந்தான்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க, தைச்சுக் கொடுத்தவங்களுக்கு நீங்க கூலி கொடுத்தாச்சா?"

கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்தார். "பணம் வந்தாத்தானுங்களே கொடுக்க முடியும்?"

"உங்க பார்ட்டியும் அதையேதான் சொல்லியிருப்பார், இல்லையா?"

அவர் பதில் சொல்லவில்லை. யாரோ ஒரு தையல்காரர் வேறொரு சந்நிதியில் இவர் பெயரில் பிராது கொடுத்துக்கொண்டிருக்கலாம். சாமிக்கு எந்த மனுவை முதலில் எடுப்பது என்ற குழப்பம் வரும்.

நண்பரை மடக்கிவிட்ட திருப்தியோடு பஸ் ஏறினேன். அவிநாசி தாண்டும்போதுதான், அன்று நான் சந்நிதியில் என்ன கேட்டேன் என்று யோசித்தேன். என் முழங்கால் வலி, பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன். என் மனுவிலும் அடுத்த வீட்டுக்காரர் பெயர் ஒன்றுகூட இல்லை.